கை குலுக்கியவர் யார்? கப்பலேறியவர் யார்?

ராஜகீழ்ப்பாக்கம் கூட்டு ரோட்டு டீக்கடையில் சென்ற வாரம் ஒரு வாக்குவாதம். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும், கட்டட வேலைக்கு ஆள் எடுக்க வரும் லாரிக்காகக் காத்திருப்பவர்களும் கூடும் கடை அது. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்துகொண்டு போயிற்று. பத்திரிகையை விரித்து வைத்திருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "பாகிஸ்தான்காரன் ஒரு பக்கம், சீனாக்காரன் ஒரு பக்கம், இலங்கைக்காரன் இன்னொரு பக்கம். எல்லாரையும் ஒரு தட்டு தட்டினால்தான் நமக்கு நிம்மதி!"

பக்கத்திலிருந்தவர் மறுத்தார்: "தட்டுவானேன்? இப்போ நம்ம சர்க்கார் இலங்கையோட சிநேகமாயிட்டுது. கொழும்பு துறைமுகத்திலேயே நம்ம ஆளுக்கு இடம் கிடைச்சாச்சு. இனிமே நமக்கு நல்ல காலந்தான்."

பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். 1972-ல், இருபது வயதில், தாய் தகப்பனோடு தலைமன்னாரில் கப்பலேற்றப்பட்டு ராமேஸ்வரத்தில் இறக்கப்பட்டவர். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, என்னைக் கப்பலேத்தினப்போ ரெண்டு சர்க்காரும் சிநேகமாத்தான் இருந்தாங்க."

கடையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

தோழர்களே! பெரிய பெரிய ராஜதந்திரிகள் பக்கம் பக்கமாக எழுதியும் சொல்லாத உண்மையை அந்தப் பெரியவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆளும் வர்க்கங்கள் சண்டை போட்டால் அடிபடுகிறவன் உழைப்பாளி. இது நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் சமரசம் செய்துகொண்டாலும் அதற்கு விலை கொடுக்கிறவன் உழைப்பாளியே! இந்த இரண்டாவது பாடத்தை நாம் சரிவரப் படிக்கவில்லை. அதைப் படிக்கவே இந்தக் கட்டுரை.

மலையை வெட்டியவனுக்கு மண் இல்லை

யார் இந்தத் தோட்டத் தொழிலாளிகள்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் பஞ்சமும் பண்ணையாரின் கொடுமையும் தாங்காமல் கிளம்பிய ஏழைக் குடியானவர்கள். பெரும்பாலோர் நிலமற்ற, தீண்டாமைக்கு ஆளான மக்கள். வெள்ளைக்காரத் துரைக்குக் கூலி வேண்டியிருந்தது; கங்காணி வந்து ஆள் பிடித்தான். மன்னாரிலிருந்து மலைநாட்டுக்குக் காட்டு வழியே நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். போய்ச் சேர்ந்தவர்கள் காட்டை வெட்டினார்கள், காப்பி நட்டார்கள், காப்பியை நோய் தின்ற பிறகு தேயிலை நட்டார்கள். ரயில் பாதை போட்டவர்களும் ரோடு போட்டவர்களும் அவர்களே. இலங்கையின் அந்நியச் செலாவணி என்பது அந்தப் பெண்களின் முதுகில் தொங்கிய கூடையிலிருந்து வந்தது.

1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. சுதந்திர சர்க்கார் செய்த முதற்காரியங்களில் ஒன்று என்ன? அந்த ஆண்டே ஒரு பிரஜா உரிமைச் சட்டம்! தகப்பன் இலங்கையில் பிறந்ததை நிரூபி, பாட்டன் பிறந்ததை நிரூபி என்றது சட்டம். லயத்தில் பிறந்தவனுக்கு யார் பிறப்புப் பத்திரம் எழுதி வைத்தார்கள்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு ஓட்டுரிமையும் போயிற்று.

ஏன் இந்த அவசரம்? இது இனத்துவேஷம் மட்டும்தானா? இல்லை. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளிகள் தங்கள் பிரதிநிதிகளைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஓட்டு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் கையைப் பலப்படுத்தியது. சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் ஒரே பக்கம் நின்றால் தங்கள் ஆட்சி நிலைக்காது என்பதை டி.எஸ். சேனநாயக்காவின் சர்க்கார் கண்டுகொண்டது. ஆகவே ஒரு கையை வெட்டிப் போட்டது.

"தமிழன் என்றால் தமிழனுக்கு உதவுவான்" என்பார் சிலர். அதே 1948-ல், தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே சேனநாயக்கா சர்க்காரில் மந்திரியாகப் போய் அமர்ந்தார். அதை எதிர்த்து வெளியேறினார் செல்வநாயகம். 1949-ல் தனிக் கட்சி கண்டார். மொழி ஒன்றாக இருந்தும் மந்திரி நாற்காலியின் ருசி வேறாக இருந்தது!

ஏழுக்கு நாலு!

அப்போது டில்லி என்ன சொல்லிற்று? "இவர்கள் இலங்கையில் பிறந்து வளர்ந்தவர்கள், இலங்கையின் பிரஜைகள்" என்பதே நேருவின் வாதம். நியாயமான வாதம். 1954-ல் கொத்தலாவலையோடு ஒரு ஒப்பந்தம் போட்டும் தகராறு தீரவில்லை. இந்தியா அந்த மக்களை மொத்தமாக வாங்கிக்கொள்ள மறுத்தே வந்தது.

அப்படியிருக்க 1964-ல் என்ன மாறிற்று? தொழிலாளி மாறவில்லை, தேயிலைச் செடி மாறவில்லை. மாறியது டில்லியின் தேவை! 1962-ல் சீனாவோடு எல்லை யுத்தம். அந்த டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்கா கொழும்பில் ஆறு நடுநிலை நாடுகளைக் கூட்டி மத்தியஸ்தம் பேசினார். வடக்கே சீனா, மேற்கிலும் கிழக்கிலும் பாகிஸ்தான் என்று நின்ற டில்லிக்குத் தெற்கே ஒரு சிநேகிதர் அவசரமாகத் தேவைப்பட்டார். சிநேகத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை டில்லி தன் கஜானாவிலிருந்து கொடுக்கவில்லை. மலைநாட்டு லயங்களிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

1964 அக்டோபர் 30-ம் தேதி லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தனியே வைக்கப்பட்டார்கள். ஏழு பேர் கப்பலேறினால் நாலு பேருக்கு அங்கே பிரஜா உரிமை! ஏழுக்கு நாலு! மாட்டுச் சந்தையில்கூடத் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசும்போது மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே அதுகூட இல்லை. தனியே வைத்த ஒன்றரை லட்சத்தை என்ன செய்தார்கள்? 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் உட்கார்ந்து ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்கு தீர்ந்தது!

அந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் யாரை ஒரு வார்த்தை கேட்டார்கள்? "நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?" என்று கொழுந்து கிள்ளும் பெண்ணிடம் கேட்டவர் யார்? ஒருவரும் இல்லை.

இங்கே நம் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிடுவோம். 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோ சர்க்காரில் மந்திரி பதவி ஏற்றது. 1948-ல் நாடற்றோர் சட்டத்தை எதிர்த்துக் கர்ஜித்த கட்சி, அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்போது ஆளும் கூட்டில் இருந்தது. செங்கொடி பிடித்தவர்களே ஆனாலும், ஆளும் வர்க்கத்தின் மேஜையில் ஓரமாக இடம் கேட்டால் கடைசியில் யாருடைய கணக்கில் கையெழுத்துப் போட நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன்

மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை. மகள் கப்பலில், தாய் பிளாட்பாரத்தில். மலைநாட்டிலிருந்து தலைமன்னார் போகும் ரயிலில் அழுகுரல் ஓயவில்லை என்று அந்தப் பெரியவர் சொல்வார்.

மண்டபம் முகாமில் இறக்கினார்கள். திருச்சி கொட்டப்பட்டு முகாமுக்கு அனுப்பினார்கள். "கடை வைக்கக் கடன் தருகிறோம்" என்றார்கள். ஆயுள் முழுவதும் கொழுந்து கிள்ளியவனுக்குக் கடை வைக்கத் தெரியுமா? கடனைத் தரகனும் கந்துவட்டிக்காரனும் விழுங்கினார்கள். நீலகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டம் போட்டு ஒரு பகுதியினருக்கு வேலை தந்தது. அது அந்த மக்களின் உழைப்பால் எழுந்த தோட்டம். மீண்டும் லயம், மீண்டும் கூடை. மற்றவர்கள் எங்கெங்கோ சிதறினார்கள். சிலர் நமது தாம்பரம் பக்கத்துக் கல் குவாரிகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்களைக் "கள்ளத்தோணி" என்று ஏசினார்கள். இங்கே "சிலோன்காரன்" என்று ஒதுக்கினோம். ஆம் தோழர்களே, ஒதுக்கினோம் என்றுதான் எழுதுகிறோம். நம் கூலியைக் குறைக்க வந்தவன் என்று அவனைப் பார்த்தவர்கள் நம்மிலும் உண்டு.

அங்கே தங்கியவர்கள் கதி? நாடற்றோர் பிரச்சினைக்குக் கடைசிச் சட்டம் இலங்கைப் பார்லிமெண்டில் நிறைவேறியது 2003-ல். 1948-லிருந்து 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டு! இரண்டு தலைமுறை இடுகாட்டுக்குப் போன பிறகு பிரஜா உரிமை வந்தது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க் கூலிக்காக ஆண்டுக் கணக்கில் போராடி, 2021-ல்தான் அதற்கு உத்தரவு வாங்கினார்கள்.

பர்மாவில் நிலம் வாங்கியவர் யார், அடி வாங்கியவர் யார்?

இது இலங்கையின் கதை மட்டுமல்ல. சென்னைக் கடற்கரை ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரைப் பார்த்திருப்பீர்கள். அது எப்படி வந்தது?

வெள்ளைக்காரன் பர்மாவைப் பிடித்ததும், அவன் கொடி நிழலில் லேவாதேவிக்காரர்கள் போனார்கள். 1930-ம் ஆண்டுகளின் பொருளாதார நெருக்கடியில் நெல் விலை விழுந்தது, கடன் மூழ்கிற்று. கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களின் கைக்குப் போயிற்று. பர்மியக் குடியானவன் தன் வயலிலேயே குத்தகைக்காரன் ஆனான். அவன் கோபப்பட்டான். தவறா?

ஆனால் அந்தக் கோபம் யார் தலையில் விடிந்தது? 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பர்மியர்களைக் கருங்காலி வேலைக்குக் கொண்டுவந்தார்கள். வேலைநிறுத்தம் முடிந்ததும் அந்தப் பர்மியர்களை "போ" என்று விரட்டினார்கள். கலவரம் மூண்டது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலும் இந்தியக் கூலிகள். கப்பல் கம்பெனிக்காரனுக்கு ஒரு கீறலும் இல்லை!

1962-ல் நெ வின் ராணுவ ஆட்சி வந்தது. கடைகள் பறிமுதலாயின. லட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினார்கள். பெரிய லேவாதேவிக்காரர்களில் பலர் முன்னமே மூலதனத்தைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோய்விட்டார்கள். கையில் ஒரு மூட்டையோடு கப்பலில் வந்தவன் சில்லறை வியாபாரியும் கூலியும்தான். அவனுக்கு 1969-ல் பிளாட்பாரத்தில் ஒரு பஜார் கிடைத்தது.

லாபம் கொண்டவன் ஒருவன். பகை சுமந்தவன் இன்னொருவன். கொழும்பிலும் ரங்கூனிலும் ஒரே நாடகம்!

கச்சத்தீவும் கிழிந்த வலையும்

தேர்தல் வந்தால் சிலருக்குக் கச்சத்தீவு நினைவுக்கு வரும். ஓட்டு எண்ணியதும் மறந்துபோகும். நாம் மறக்கவில்லை.

285 ஏக்கர் தீவு. 1974 ஜூனில் டில்லி அதை இலங்கைக்கு விட்டுக்கொடுத்தது. 1971 யுத்த காலத்தில் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போயின. கொழும்பைத் தன் பக்கம் இழுக்க வேண்டும் என்ற கவலை டில்லிக்கு இருந்தது. 1974-ல் கையெழுத்தான ஒப்பந்தம், பழைய உரிமைகள் நீடிக்கும் என்ற ஆசையையாவது காட்டிற்று. 1976 மார்ச்சில் பரிமாறிய கடிதங்கள், ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று கதவைச் சாத்தின. ராமேஸ்வரத்து மீனவனைக் கேட்டார்களா? இல்லை. நெடுந்தீவு மீனவனைக் கேட்டார்களா? அதுவும் இல்லை.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். இன்று யாழ்ப்பாணக் கரையோர மீனவன் யாரைக் கண்டு அஞ்சுகிறான்? நம் கரையிலிருந்து போகும் இழுவைப் படகைக் கண்டு அஞ்சுகிறான். அடிக் கடலைச் சுரண்டும் அந்த மடி, முப்பதாண்டு யுத்தத்தில் எல்லாம் இழந்தவன் கடன் வாங்கிப் போட்ட வலையைக் கிழித்துப் போகிறது. அந்த இழுவைப் படகின் சொந்தக்காரன் பெரும்பாலும் கரையில் இருக்கிறான். இறால் ஏற்றுமதிக்காரன் அதற்கும் மேலே இருக்கிறான். சுடப்படுகிறவனும் சிறைக்குப் போகிறவனும் பங்குக் கூலிக்குப் போன மீனவன். இலங்கைக் கடற்படையின் துப்பாக்கியைக் கண்டிக்கிறோம். ஆயிரம் தடவை கண்டிப்போம். அதே மூச்சில், வலையிழந்த அந்த ஏழைத் தமிழனுக்கும் நியாயம் கேட்போம். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பவன் மீனவனின் நண்பன் அல்ல; ஓட்டு வியாபாரி!

ராணுவத் தளம் போயிற்று, மூலதனத் தளம் வந்தது

"இப்போது காலம் மாறிவிட்டது" என்பார்கள். என்ன மாறியது, பார்ப்போம்.

1954 செப்டம்பரில் மணிலாவில் "சீட்டோ" என்ற ராணுவக் கூட்டு பிறந்தது. தென்கிழக்கு ஆசியாவைக் காக்கவாம்! எட்டு நாடுகளில் ஆசிய நாடு மூன்றே மூன்று: பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, பாகிஸ்தான். மற்றவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. ஆட்டு மந்தையைக் காக்க ஐந்து ஓநாய்கள்! அடுத்த ஆண்டு ஏப்ரலில் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடி, எங்கள் விவகாரத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றன. 1957-ல் இலங்கை திருகோணமலையிலிருந்தும் கட்டுநாயக்காவிலிருந்தும் பிரிட்டிஷ் தளங்களை அகற்றிற்று. சீட்டோ 1977-ல் செத்தது; அழுவாரில்லை.

பிறகு? வெள்ளைக்காரனின் விமானப்படை காலி செய்த அதே கட்டுநாயக்காவில் 1978-ல் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தார்கள். யாருக்குச் சுதந்திரம்? மூலதனத்துக்கு! 1984-ல் நமது தாம்பரம் சானடோரியத்திலும் ஏற்றுமதி மண்டலம் வந்தது. பிறகு டாக்கா நகரைச் சுற்றி ஆயிரக்கணக்கான தையல் ஆலைகள். "கூலி கூட்டிக் கேட்டால் ஆர்டர் வங்காளதேசத்துக்குப் போய்விடும்" என்ற மிரட்டலைத் தையல் தொழிலில் கேட்காதவர் உண்டா? டாக்காவில் தைக்கிற பெண்ணிடம் "இந்தியாவுக்குப் போய்விடும்" என்கிறார்கள். கட்டுநாயக்காவில் இரண்டு பெயரையும் சொல்லி மிரட்டுகிறார்கள். 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அண்டை நாட்டுப் போட்டி என்று இவர்கள் சொல்வதன் அசல் முகம் அந்த இடிபாட்டுக்குள் கிடந்தது.

1987 ஜூலை 29-ல் இந்திய–இலங்கை ஒப்பந்தம். தமிழ் மக்களின் உரிமை பற்றிப் பேசிய அதே நாளில் பரிமாறிய கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் அதன் எண்ணெய்த் தொட்டிகளும் இடம்பெற்றன. சமாதானப் படை போயிற்று. 1990-ல் அது திரும்பும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய ஜவான்கள் உயிரோடில்லை. எத்தனையோ ஈழத் தமிழ்க் குடும்பங்கள் அழிந்திருந்தன. எண்ணெய்த் தொட்டிகள் மட்டும் அப்படியே நின்றன. அவற்றுக்கு 2022 ஜனவரியில் புதிய ஒப்பந்தம்!

2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பெனிக்குப் போயிற்று. 2021-ல் கொழும்பு மேற்கு முனையத்துக்கு அதானி கம்பெனி ஒப்பந்தம் போட்டது. ஒன்றைக் கண்டு டில்லி கொதித்தது. மற்றதைக் கண்டு "நம் ஆள்" என்று டீக்கடையில் ஒருவர் பெருமைப்பட்டார். தோழரே! அந்த முனையத்தில் உமக்கு எத்தனை பங்கு? சுமை தூக்கும் கொழும்புத் தொழிலாளிக்குச் சீனக் கம்பெனியின் கிரேனுக்கும் அதானியின் கிரேனுக்கும் என்ன வித்தியாசம்?

எல்லையில் பிணம், சந்தையில் பணம்

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். சீனச் சாமானைக் கொளுத்து என்று தெருவில் கூச்சல். 2021-ல் இரு நாட்டு வர்த்தகம் எவ்வளவு? பத்தாயிரம் கோடி டாலரைத் தாண்டிற்று. அதுவரை இல்லாத உச்சம்! கொளுத்தியவன் சின்னக் கடைக்காரனின் பொம்மை. கொள்முதல் செய்தவன் பெரிய முதலாளி.

சீனாவைப் பற்றிப் பேசினால் நாம் நழுவுகிறோம் என்பார்கள். நழுவவில்லை. 1954 ஏப்ரலில் இரு நாடுகளும் பஞ்சசீலத்தில் கையெழுத்திட்டன. எட்டே ஆண்டில் யுத்தம். வெள்ளைக்காரன் 1914-ல் சிம்லாவில் படத்தின்மேல் இழுத்த கோட்டை வைத்துக்கொண்டு இரண்டு சுதந்திர நாடுகள் மோதின. அந்த யுத்தம் நம் இயக்கத்துக்குள்ளும் ஆழமான காயத்தை உண்டாக்கிற்று, 1964-ல் பிளவுபட்டோம். 1979-ல் சீனா வியட்நாமுக்குள் படை அனுப்பியது; இரு பக்கமும் செங்கொடி! கொடியின் நிறம் ஒன்றாயிருந்தால் போதும், பகை வராது என்று நம்பிய நமக்கு அது கசப்பான பாடம். எந்தத் தலைநகரமானாலும், உழைப்பாளியைக் கேட்காமல் எல்லையில் படை நகர்ந்தால் அதைத் தவறென்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

அதற்காக அமெரிக்காவின் மடியில் போய் உட்காருவதா? 2016 ஆகஸ்டில் இந்தியத் தளங்களில் அமெரிக்கப் படை எரிபொருளும் தளவாட உதவியும் பெற ஒப்பந்தம் போட்டார்கள். "குவாட்" என்று அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு கூட்டு வைத்திருக்கிறார்கள். சீட்டோவில் சேர மறுத்த தேசம் இது!

"அப்படியானால் எல்லைக்குக் காவல் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். காவலுக்கு நிற்பவன் நம் பிள்ளை. 2016 ஜூலை 22-ல் நமது தாம்பரம் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏஎன்-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. ஏழு ஆண்டுக்கு மேல் கழித்து, 2024 ஜனவரியில்தான், பள்ளிக்கரணையிலுள்ள கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் கருவி ஆழ்கடலில் சிதைவுகளைக் கண்டது. அந்த 29 குடும்பங்களின் கண்ணீர் நம் கண்ணீர். அதனாலேயே கேட்கிறோம்: தேசத்தின் காவலுக்குப் போகிற பிள்ளையை, துறைமுகக் குத்தகைக்கும் அந்நியன் வகுத்த திட்டத்துக்கும் பணயம் வைக்க எவனுக்கு உரிமை?

நெல்லும் ரப்பரும் சொல்வது

வேறு வழி இல்லையா? உண்டு. 1952-ல் இலங்கையில் அரிசிப் பஞ்சம்; ரப்பர் விலையும் விழுந்திருந்தது. கம்யூனிஸ்டு என்றாலே முகம் சுளிக்கும் கொழும்பு சர்க்கார் அமெரிக்காவின் மிரட்டலை மீறிச் சீனாவோடு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் போகும். 2,70,000 டன் அரிசி வரும். அமெரிக்கா உதவியை நிறுத்தியது. நிறுத்தினால் என்ன? இலங்கை மக்கள் சோறு தின்றார்கள். பால் வெட்டிய தொழிலாளியின் ரப்பர், நாற்று நட்ட குடியானவனின் அரிசி. நடுவே துப்பாக்கி இல்லை.

2022-ல் இலங்கை திவாலாகித் தெருவில் மக்கள் கூடியபோது, தமிழ்நாட்டிலிருந்து 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்தும் புறப்பட்டன. அந்த அரிசியைச் சிங்களன், தமிழன், முஸ்லிம் என்று பார்த்தா பங்கிட்டார்கள்? எல்லோரும் தின்றார்கள். ஒரு காலத்தில் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளின் கீழும் நெல் விளைந்தது. இப்போது மனைக்கட்டு விளைகிறது. எங்கே விளைந்தாலும் நெல்லுக்குப் பகை தெரியாது. விளைவித்தவனுக்கும் தெரியாது.

ஆகவே நாம் கோருவது இவை:

ஒப்பந்தம் எவர் தலையில் விழுகிறதோ அவரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே! எந்த ஒப்பந்தமும் ரகசியக் கடிதமாக அல்ல, பார்லிமெண்டின் முன் வரட்டும்.

தமிழ்நாட்டு முகாம்களில் தலைமுறையாக வாழும் இலங்கைத் தமிழ் மக்களுக்கு, விரும்புவோருக்கு இந்தியப் பிரஜா உரிமை கொடு! 2019-ல் போட்ட பிரஜா உரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்று எண்ணியது. மண்டபத்துக்கு எதிரே இருக்கும் இலங்கையை மட்டும் மறந்தது. இது மறதியா?

நீலகிரித் தோட்டங்களில் ஆயுள் தேய்ந்த தாயகம் திரும்பிய தொழிலாளிக்கு வீடும் மனையும் கொடு! ஓய்வு பெற்ற நாளில் மறுபடியும் அவனை நாடற்றவனாக்காதே!

இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் பேசட்டும். 2014 ஜனவரியில் சென்னையில் அப்படி உட்கார்ந்து பேசினார்கள், மீண்டும் பேசட்டும். இழுவைப் படகுக் கூலிக்கு மாற்றுத் தொழிலும் நஷ்டஈடும் கொடுத்து அந்த மடியை நிறுத்து!

தாம்பரத்துத் தையல் தொழிலாளியும் கட்டுநாயக்கா தொழிலாளியும் டாக்கா தொழிலாளியும் ஒரே கூலிக் கோரிக்கையை எழுப்பட்டும். அன்றைக்கு எந்த முதலாளி எந்த நாட்டைக் காட்டி மிரட்டுவான்?

டீக்கடைப் பெரியவரின் தங்கை இன்னும் ஹட்டனில் இருக்கிறார். ஏழுக்கு நாலில் அவர் நாலின் பக்கம். இவர் ஏழின் பக்கம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இருவரும் இரண்டே தடவை பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு டீக்கடையில் "ஒரு தட்டு தட்டணும்" என்றவர், பெரியவரின் டீக்குத் தானே காசு கொடுத்துவிட்டு, "உங்க தங்கச்சி ஊர்ல இப்போ கூலி எவ்வளவு ஐயா?" என்று கேட்டார்.

அதுவே சரியான கேள்வி, தோழர்களே! ராஜகீழ்ப்பாக்கத்தில் கேட்ட கேள்வியை ஒவ்வொரு மில் வாசலிலும் ஒவ்வொரு களத்து மேட்டிலும் கேட்போம். நாடுகள் சிநேகமா விரோதமா என்று எஜமானர்கள் நமக்குச் சொல்ல வேண்டாம். எவன் கை குலுக்குகிறான், எவன் கப்பலேறுகிறான் என்பதை நாமே பார்த்துத் தீர்மானிப்போம்!